குடோன் யாருடைய சொல்?

ஜொகூர் பாருவில் நான் முதலில் படித்த மலாய்ச் சொல் ஒரு பெரிய தகரக் கூரைக் கட்டடத்தின் நெற்றியில் இருந்தது. கூடாங். மலாய்க்காரர்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதுவதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடிந்தது. கார் அதைக் கடந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் போல அவ்வளவு உற்சாகமாக இருந்தது எனக்கு.

நான் சென்னையில் ஓர் அகராதித் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். தமிழர்கள் நாள்தோறும் பேசும் ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே பிறந்து எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று சிறு குறிப்பு எழுத வேண்டும். ககர வரிசை என் பங்கு. அதில் குடோன் வந்தது. ஆங்கிலத்தில் கோடவுன். கப்பலிலிருந்து கீழே இறங்கிப் போய்ச் சரக்கு வைக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. ஆங்கிலேயர்கள் அதை மலாய் மொழியின் கூடாங்கிலிருந்துதான் எடுத்தார்கள், நடுவில் போர்த்துக்கீசியர்களின் வாய் வழியாக வந்திருக்கலாம். இதுவரை எல்லோரும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். அதற்கு முந்தைய படியில்தான் சிக்கல். மலாய்க்காரர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? நம்முடைய கிடங்கிலிருந்தா?

மலாய் என்று எழுதி நிறுத்திக்கொள், அதற்கு மேல் போகாதே என்றார் எங்கள் திட்டத் தலைவர். தமிழ் என்று எழுத ஆசையாக இருந்தால் ஆதாரம் கொண்டு வா என்றும் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் கடன்சொற்கள் பற்றி ஒரு கருத்தரங்கு வந்தது. அவருக்கு மூட்டுவலி. நான் போனேன். ஊர் திரும்புவதற்கு முந்தின மாலைக்குள் குடோன் குறிப்பை அனுப்பிவிட வேண்டும், அச்சகம் காத்திருக்கிறது.

திட்டத் தலைவரைவிட எனக்குப் பெரிய கவலை அப்பா. அவர் தூத்துக்குடியில் ஒரு பருப்புக் குடோனில் லோடுமேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நான் மலேசியா போவது எதற்காக என்று அவர் டீ நேரத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அங்கே உள்ள கணக்குப்பிள்ளை சிரித்திருக்கிறார். “இங்கிலீஷ் வார்த்தையப் போயி நம்ம வார்த்தைங்கியே. கோ டவுன்னா கீழ போன்னு அர்த்தம். படிச்சவன்கிட்ட கேட்டுட்டுப் பேசணும்.” அப்பா பதிலுக்கு, “படிச்சவ எம் வீட்லயே இருக்கா. போயிட்டு வரட்டும்,” என்றிருக்கிறார். இதை அவரே எனக்குப் பெருமையாகச் சொன்னார். நான் விமானம் ஏறும்போது என் பையைவிட இந்தப் பேச்சுத்தான் கனமாக இருந்தது.

முதல் நாள் பகலில் ஜொகூர் லக்சா சாப்பிட்டேன். மீனைக் குழைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய குழம்பு, அடியில் இத்தாலிக்காரர்களின் நீள நூடுல்ஸ். முள்கரண்டியைத் தேடினேன். பக்கத்து மேசையில் வேலைக்குப் போகும் உடையில் இருந்த மலாய்ப் பெண்கள் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் லக்சாவைக் கையால்தான் சாப்பிடுவார்களாம். எனக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாலையில் வாழைப்பழ பஜ்ஜி. நம் ஊரில் வாழைக்காயில் போடுவதை இங்கே கனிந்த பழத்தில் போடுகிறார்கள். அதைத் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயை இடித்துப் போட்ட சோயா சாறு. இனிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில். முதல் கடியில் முகத்தைச் சுளித்தேன், கடைசிக் கடியில் இன்னொரு பொட்டலம் கேட்டேன்.

இரண்டாம் நாள் கருத்தரங்கில் என் கட்டுரையை வாசித்தேன். முடிந்ததும் ஒருவர் எழுந்து, கிடங்கு என்பது பழந்தமிழில் அகழிக்கும் குழிக்கும்தானே பெயர், அது சரக்கு வைக்கும் கட்டடமாகி, கடல் தாண்டி, மலாய்க்குள் நுழைந்ததற்கு வாழும் பேச்சிலிருந்து ஒரு சான்று காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டதால் கோபப்படவும் முடியவில்லை. என்னிடம் சான்று இல்லை. உட்கார்ந்தேன்.

தேநீர் இடைவேளையில் புவனா வந்து பேசினாள். கருத்தரங்கை நடத்தியவரின் தங்கை, என் வயதுதான். பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஊரின் பெயரிலேயே கூடாங் இருப்பதைச் சொல்லி நான் துள்ளினேன். அவள் அசையவில்லை.

“நீங்க தேடுற கூடாங்லதான் லா நான் தெனம் வேல செய்றேன். ஆனா நாங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். வேர்ஹவுஸ்னுதான் சொல்லுவோம்.” என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். ரெங்கம் என்ற ஊரில் இருக்கும் தன் அப்பா அம்மாவைப் பார்க்க வரச் சொன்னாள். அவர்கள் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், பழைய சொற்கள் அவர்களிடம் இருக்கும் என்றாள். அதற்கு அடுத்த நாள் தன் நிறுவனத்தையும் காட்டுவதாகச் சொன்னாள். அன்று மாலையே அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். நான் மறுநாள் காலை தனியாகப் பேருந்து ஏறினேன்.

ஓட்டுநரிடம் ரெங்கம் என்றேன். அவரும் ரெங்கம் என்று தலையாட்டினார். நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு ஊரில் என்னை இறக்கிவிட்டுப் போனார். எங்கு பார்த்தாலும் அன்னாசி. அன்னாசி விற்றுக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்ணிடம் புவனாவின் முகவரியைக் காட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இது சிம்பாங் ரெங்கம்மா. ரெங்கம் வேற ஊரு. நடந்துலாம் போவ முடியாது.” புவனாவை அழைத்தேன். “அலமாக். எல்லாரும் பண்றதுதான் லா. அங்கயே நில்லுங்க, காடி எடுத்துட்டு வரேன்,” என்றாள். அலமாக் என்றால் ஐயையோ, காடி என்றால் இங்கே கார்.

காத்திருந்த நேரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி கிடைத்தது. புவனாவின் ‘லா’வைப் பற்றி யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். எங்கள் பக்கத்திலும் வந்துட்டேம்லா, சொன்னம்லா என்போம். அது அல்லவா என்பதன் மிச்சம். இவர்களுடையது மலாயிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது. ஆனால் காதில் விழும்போது யாரோ தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் பேசுவது போலவே இருக்கிறது. ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு என்று சொல்லிவிடக் கூடாது என்று எங்கள் திட்டத் தலைவர் அடிக்கடி சொல்வார். அன்னாசி இனிப்பாக இருந்ததால் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெங்கம் வரை இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். புவனாவின் வீடு ஊருக்குள் ஒரு குடியிருப்பில் இருந்தது. அவள் அப்பா ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர், அம்மாவும் அப்படியே. உட்கார்ந்த உடனேயே நான் கேள்விகளை ஆரம்பித்துவிட்டேன். மரத்துப் பால் எடுத்துப்போய்க் கொடுத்த இடத்துக்குப் பெயர் என்ன? ஸ்டோர். உரம் வைத்திருந்த இடம்? அதுவும் ஸ்டோர். அரிசி கொடுத்த இடம்? “அது ரேஷன் ஸ்டோரும்மா,” என்றார் அவர், எனக்கு உதவ முடியவில்லையே என்ற வருத்தத்தோடு. கிடங்கு, குடோன் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். குடோன் என்பது தமிழ்நாட்டுப் படத்தில் சண்டை நடக்கிற இடம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டுக்கு நெத்திலி சம்பல், வெண்டைக்காய், ரசம். நெத்திலி விஷயத்தில் தூத்துக்குடிக்காரிக்கு யாரும் பாடம் நடத்த முடியாது என்ற நினைப்போடு கை வைத்தேன். மொறுமொறுவென்று வறுத்து, பிறகு இனிப்பும் புளிப்புமான சம்பலில் புரட்டியிருந்தார்கள். பாடம் நடத்திவிட்டார்கள். புவனாவின் அம்மா இன்னொரு கரண்டி வைத்தபடி, எனக்காக இல்லாமல் தன் கணவரைக் கிண்டல் செய்வதற்காகச் சொன்னார்: “இவருக்கு எல்லாமே ஸ்டோருதான். செட்டியாரு கிட்டங்கிய மட்டுந்தான் ஸ்டோருன்னு சொல்லல.”

எனக்குக் கை நின்றுவிட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

மூவார் என்ற ஊரில் அந்த அம்மா சிறு வயதில் பார்த்திருக்கிறாராம். நீளமான கூடம். வட்டிக்குக் கடன் கொடுக்கும் செட்டியார்கள் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூடத்துக்குப் பெயர் கிட்டங்கி. கிடங்கின் இன்னொரு உருவமான இந்தச் சொல்லைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், பினாங்கைப் பற்றி எழுதியவற்றில். ஆனால் ஜொகூரில், சோறு போடும் ஒருவர் வாயிலிருந்து, கேலிப் பேச்சின் நடுவே அது விழுந்ததைக் கேட்டதும் எழுந்து ஆடலாம் போல இருந்தது. வாழும் பேச்சிலிருந்து சான்று. அதுதானே கேட்டார்கள்.

கையைக் கழுவிய ஈரத்தோடு அப்பாவை அழைத்தேன். ஊரில் அது டீ நேரம். நம்ம வார்த்தைதாம்பா என்றேன். அவர் ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். யாரோ விசிலடித்தார்கள். “என்னவே கணக்குப்பிள்ள, காதுல விழுந்துச்சா?” என்று அப்பா கேட்பது தெளிவாகக் கேட்டது. எனக்கு ரெங்கம் முழுவதும் ஓடிவர வேண்டும் போலிருந்தது.

புவனா மட்டும் தட்டை எடுத்தபடி, “அதுக்குள்ள சொல்லிட்டீங்களா?” என்றாள்.

நான்காம் நாள் காலை இருவரும் பாசிர் கூடாங்குக்குப் போனோம். அவளுடைய காரைத் தம்பி எடுத்துக்கொண்டதால் வாடகைக் கார். அதன் மலாய் ஓட்டுநரிடம் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். பாசிர் என்றால் மணல் என்றார். முன்பு இங்கே மணல் அள்ளினார்கள், அள்ளி அள்ளிப் பெரிய குழியானது, அந்தக் குழி கூடாங் போல இருந்ததால் அப்படிப் பெயர் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். நான் புவனாவின் தொடையைத் தட்டிவிட்டேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் குழிக்குக் கிடங்கு என்றுதான் சொல்வோம். மழை பெய்த மறுநாள் தூத்துக்குடிச் சாலையில் வண்டி ஓட்டுபவர்களைக் கேட்டால் எத்தனை கிடங்கு என்று சொல்வார்கள். ஊர்ப்பெயருக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கதையை ஆதாரமாக வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாகவே இருந்தது.

புவனாவின் நிறுவனத்தில் எனக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாள். பார்வையாளர்கள் போட வேண்டிய மேலங்கியை எடுத்துவர அலுவலகத்துக்குள் போனாள். எதிரே கதவு திறந்திருந்தது. உள்ளே மாவு மூட்டைகள், எங்கள் தெரு மாடிவீட்டை விட உயரமாக. அந்த வாசனை என்னை இழுத்தது. கோணியும் மாவும் தூசியும் சேர்ந்த வாசனை, அப்பாவின் சட்டையில் இருப்பது. நான் யோசிக்கவேயில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

விசில் சத்தம். சிவப்பு விளக்கு. வந்துகொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் கிரீச்சென்று நின்றது. காவலாளி மலாயில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் என் காலைச் சுட்டிக் காட்டியபோதுதான், அங்கே இருந்த எல்லோரும் இரும்பு முனை வைத்த கனமான காலணி போட்டிருப்பதைப் பார்த்தேன். காலணி இல்லாமல் ஒருவர் உள்ளே வந்தால் வேலை மொத்தமும் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றுவிட்டது. மேலங்கியோடு திரும்பி வந்த புவனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மேலாளர் வந்தார். சிம்மாசலம் என்று சட்டையில் எழுதியிருந்தது. முகம் சிவந்திருந்தது. “கால் மேல பேலட் ஏறுனா யாரும்மா பதில் சொல்றது? கோயிலுன்னு நெனச்சிட்டீங்களா?”

“எங்க அப்பா குடோன்ல மூட்டை தூக்குறாங்க சார். அங்க யாரும் செருப்போட உள்ள போக மாட்டோம். சாப்பிடுற பொருள் இருக்கிற எடம்.”

அவர் என் செருப்பைப் பார்த்தார். அது சுவரோரமாக, வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தது. கையைக் காட்டி வேலையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு சிரித்துவிட்டார்.

“எங்க அம்மாவும் இப்படித்தான். நாங்க பேராக்ல பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோட்டம். கொப்பரை போட்டு வைக்கிற கொட்டாய்க்குள்ள செருப்போட போனோம்னா முதுகுல விழும். கிட்டங்கிக்குள்ள என்னடா செருப்புன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“கிட்டங்கி. நாங்க தெலுங்கு. வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், உங்க வார்த்தைன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டார்.

அவர் அந்தச் சொல்லைக் கங்கை என்று சொல்லும்போது வரும் முதல் ஒலியோடு சொன்னார். தமிழில் கிடங்கு அந்த ஒலியில் தொடங்காது. மலாயின் கூடாங் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. நான் புத்தகத்தில் இதைப் படிக்காதவள் இல்லை. தெலுங்குக்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி பழைய அகராதிகளில் உண்டு. அதை அடிக்குறிப்பு என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். அந்த அடிக்குறிப்பு இப்போது எனக்கு முன்னால் மஞ்சள் தொப்பியோடு நின்று சிரித்தது.

வேடிக்கை என்னவென்றால் எனக்கு வருத்தமே வரவில்லை. கழற்றிய செருப்புதான் இந்தச் சொல்லை எனக்கு வாங்கித் தந்தது. தூத்துக்குடியின் பருப்புக் குடோனுக்கும் பேராக்கின் கொப்பரைக் கொட்டகைக்கும் ஒரே வழக்கம் என்றால், சென்னையிலிருந்து பார்த்ததைவிட இந்தச் சொல்லின் கரை ரொம்ப நீளம். இரண்டு அளவு பெரிய காலணியை மாட்டிவிட்டு அவர் எனக்கு முழுக் கட்டடத்தையும் சுற்றிக் காட்டினார். புவனா மூட்டை அடுக்கிய பேலட் பலகையை ஃபோர்க்லிஃப்டில் தூக்கி, ஒரு விரற்கடை பிசகாமல் மேல்தட்டில் உட்கார வைத்தாள். நான் கை தட்டினேன். அவள் என்னைக் கவனிக்காதது போல இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

இடைவேளையில் சிம்மாசலம் தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய டீ வாங்கிக் கொடுத்து, அகராதியில் தெலுங்கு வருமா என்று விசாரித்தார். இரண்டும் வரும் என்றேன்.

“எது முன்னால?”

“அகர வரிசைப்படி தமிழ் முன்னால சார்.”

“கெட்டிக்காரிதான்,” என்றார் அவர்.

மாலையில் விடுதி அறையில் கணினியைத் திறந்தபோதுதான் அப்பாவின் குடோனில் கேட்ட விசில் சத்தம் நினைவுக்கு வந்தது. செட்டியார் கிட்டங்கியை மட்டும் சான்றாகக் காட்டித் தமிழ் என்று எழுதினால் திட்டத் தலைவர் ஏற்றுக்கொள்வார். கருத்தரங்கில் கேட்டவரும் ஏற்றுக்கொள்வார். கணக்குப்பிள்ளை வாயை மூடிக்கொள்வார். சிம்மாசலத்தின் அம்மாவை யாருக்கும் தெரியாது. ஆனால் செட்டியார்கள் மூவாருக்கு வந்த காலத்துக்கு வெகு முன்பே மலாயில் கூடாங் இருந்திருக்கிறது. அந்தக் கூடம் எதையும் முடித்துவைக்கவில்லை. அது எனக்கு நேற்றே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் முதலில் பேசினால் மனம் மாறிவிடும் என்று தோன்றியது. அதனால் குறிப்பை முதலில் எழுதினேன். ஆங்கிலத்துக்கு மலாயிலிருந்து. மலாய்க்குத் தமிழிலிருந்தோ தெலுங்கிலிருந்தோ வந்திருக்கலாம், எது என்று உறுதியாகச் சொல்லச் சான்று இல்லை. அனுப்பிவிட்டு அப்பாவை அழைத்தேன்.

முழுவதையும் சொன்னேன். செருப்பைக் கழற்றியதைக் கேட்டு முதலில் சிரித்தார். தெலுங்கு என்றதும் சிரிப்பு நின்றது. நான் அவசரப்பட்டுவிட்டேன், கணக்குப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன் என்றேன். பின்னணியில் லாரி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“இங்கிலீஷ்காரன் வார்த்தை இல்லேல்லா?”

“இல்லப்பா.”

“கீழ போன்னு அர்த்தம் இல்லேல்லா?”

“இல்லவே இல்ல.”

“பொறவு என்ன. குண்டூர்லேருந்து உளுந்து லாரி வந்து நிக்குது. அந்த டிரைவர்கிட்டயும் சொல்லிருதேன், ஒனக்கும் பங்கு இருக்குன்னு.” கொஞ்சம் யோசித்தார். “ஆமா தாயி, அந்த வார்த்தை மலாய்க்காரன் ஊருக்கு எப்படிப் போச்சு?”

“கப்பல்லதாம்பா. சரக்கோட.”

“சரக்கக் கப்பல்ல ஏத்துனது யாரு?”

எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

“பேரு கெடக்கட்டும். தமிழனோ தெலுங்கனோ, ஏத்துனவன் லோடுமேன். எந்தக் கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்கிக் கப்பல்ல ஏத்துனதில்ல. அத எழுதிட்டியா?”

இல்லை என்றேன்.

“எழுது,” என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்கப் போனார்.

குறிப்பு அதற்குள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அகராதியில் அதற்கு இடமும் கிடையாது. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.